பிளேன் இறங்கலாம், பிள்ளை இறங்கக்கூடாது

மலையகத்தில் அரசாங்கத்துக்கு ஓர் உத்தம ஊழியர் உண்டு. சம்பளம் கேட்க மாட்டார், லீவு போட மாட்டார், தொழிற்சங்கத்தில் சேர மாட்டார், அடைமழையிலும் ஜனவரிப் பனியிலும் நின்ற இடத்தைவிட்டு அசைய மாட்டார். காசல்ரீக் கரையில் நிற்கிறார், மவுசாகலையில் நிற்கிறார், தலவாக்கலையில் மேல் கொத்மலை அணைக்குப் பக்கத்திலும் நிற்கிறார். இரண்டு இரும்புக் கால், தகர உடம்பு. ஆபத்து, இங்கே நீராடுவது தடை என்ற ஒரே வசனத்தை மூன்று மொழியிலும் சொல்வார். தமிழில் மட்டும் எழுத்துப்பிழையோடு சொல்வார். அறிவிப்புப் பலகை என்பது அவர் பெயர். எங்கள் நீர்த்தேக்கங்களின் பாதுகாப்புப் பிரிவு, மேலதிகாரி முதல் காவலாளி வரை, அவர் ஒருவரே.

பலகை ஐயாவின் கடமை நேரம் எப்போது தொடங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பையன் தண்ணீரில் இறங்கும்போது அவர் ஒன்றும் செய்வதில்லை. மூழ்கும்போதும் செய்வதில்லை; கயிறு வீசக் கை கிடையாது, ஆள் கூப்பிட வாய் கிடையாது. சடலம் கரைக்கு வந்த பிறகுதான் ஐயா வேலைக்கு வருகிறார். திடீர் மரண விசாரணை அதிகாரி வருவார், பொலிஸ் வரும், தோட்டத்து ஆட்கள் கை கட்டி நிற்பார்கள். "இங்க போர்ட் இருந்திச்சா?" "இருந்திச்சுங்க ஐயா." அந்த ஒரு பதிலில் மின்சார சபை, பிரதேச சபை, தோட்டக் கம்பெனி, கல்வித் திணைக்களம், சுற்றுலாத் துறை எல்லோரும் கரையேறிவிடுவார்கள். கரையேறாதவன் பையன் மட்டும்தான்.

மறுநாள் பத்திரிகையில் வரப்போகும் செய்தியை நான் இப்போதே எழுதித் தருவேன். நண்பர்களுடன் நீராடச் சென்ற இன்ன தோட்டத்தைச் சேர்ந்த 17 வயது இளைஞன் நீரில் மூழ்கி உயிரிழந்துள்ளார். பிரதேசவாசிகளும் பொலிஸாரும் இணைந்து சடலத்தை மீட்டனர். சடலம் பிரேத பரிசோதனைக்காக டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையில் வைக்கப்பட்டுள்ளது. மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர். தோட்டத்தின் பெயரையும் வயதையும் மாற்றினால் போதும், மற்ற வரிகள் கோத்த அச்சு கலையாமல் வருஷக்கணக்காக நிற்கின்றன. அந்த மேலதிக விசாரணை எங்கே போய் முடிந்தது என்று எந்தப் பத்திரிகையிலும் நான் வாசித்ததில்லை. முடிவைத்தான் முன்னமே தகரத்தில் எழுதி நட்டாயிற்றே.

சரி, ஆபத்தான நீர். யாரும் இறங்காதிருப்பதே நல்லது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் யார் யார் இறங்குகிறார்கள் என்று ஒரு கணக்கு எடுத்துப் பார்க்கலாம்.

காசல்ரீயில் கடல் விமானம் இறங்கும். ஹட்டன் வரையுள்ள அத்தனை வளைவுகளிலிருந்தும் விருந்தாளியின் வயிற்றைக் காப்பாற்றி, நேரே தண்ணீரில் கொண்டுவந்து விடும். கரையோரத்தில் அந்தக் காலத்துத் தொரைமார் வாழ்ந்த பங்களாக்கள் இன்று ஒரு ராத்திரிக்கு நூற்றுக்கணக்கான டொலர் வாங்கும் விடுதிகளாகிவிட்டன. அங்கே தங்குபவர் காலைத் தேநீருக்குப் பிறகு கயாக் தோணியில் துடுப்புப் போடலாம். நுவரெலியா கிரகரி வாவியில் அன்னப் படகு உண்டு, வேகப் படகு உண்டு, காதைக் கிழிக்கும் ஜெட் ஸ்கீ உண்டு, எல்லாவற்றுக்கும் டிக்கட் உண்டு. மீன்குஞ்சுகளுக்குக்கூட வரவேற்பு இருக்கிறது. லொறியில் வைத்துக் கொண்டுவந்து, பிரமுகர் கையால், படம் பிடித்து, கைதட்டி, தண்ணீரில் விடுகிறார்கள். பிளேன் இறங்கலாம், தோணி இறங்கலாம், மீன் இறங்கலாம். லயத்துப் பிள்ளை இறங்கினால் மட்டும் நீர் ஆபத்தானதாகிவிடுகிறது.

ஒரு விடுதியின் இறங்குதுறையில் நின்று இதை நான் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். விருந்தாளிகள் இரண்டு பேர். இருவருக்கும் செம்மஞ்சள் நிற உயிர்காப்பு அங்கி மாட்டப்பட்டது. கொக்கி மூன்றும் பூட்டியிருக்கின்றனவா என்று இழுத்து இழுத்துப் பார்த்தார்கள், தோளில் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்கள், கழுத்துப் பட்டி இறுக்குகிறதா என்று கேட்டார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை, அப்படித்தான் செய்ய வேண்டும். தோணியைத் தள்ளிவிட ஓர் இளைஞன் இடுப்பளவு நீரில் நின்றான். அரைக்காற்சட்டை, மேலே விடுதிப் பெயர் போட்ட டீசேர்ட். அங்கி கிடையாது. தோணிக் கயிற்றின் நுனியை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தான். விருந்தாளிகள் தூரப் போனதும் நீச்சல் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாதுங்க சார். இடுப்புக்கு மேல போகாம பாத்துக்குவேன்."

மேலே உள்ள லயத்துப் பையன்தான். அவன் நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் பலகை ஐயா நின்றுகொண்டிருந்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. சம்பளத்துக்கு இறங்கினால் அவர் கண்ணை மூடிக்கொள்வார். சந்தோஷத்துக்கு இறங்கினால்தான் அவருக்கு முழிப்பு வரும்.

இந்தத் தண்ணீர் இங்கே எப்படி வந்தது என்பதையும் கொஞ்சம் பேச வேண்டும். மலையில் விழும் மழையிலிருந்து நாட்டுக்கு வெளிச்சம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918-இல் எழுதிக் காட்டினார். 1950-இல் லக்ஷபான மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 1965-இல் கெஹெல்கமு ஓயாவை மறித்துக் காசல்ரீ. அதன் நீரில் சுழல்கிற 50 மெகாவாட் நிலையத்துக்கு அந்தப் பொறியியலாளரின் பெயரையே வைத்தார்கள். 1969-இல் மஸ்கெலி ஓயாவை மறித்து மவுசாகலை. பழைய மஸ்கெலியா நகரம் கோயிலோடும் பள்ளிவாசலோடும் விகாரையோடும் அதில் மூழ்கியது. கடும் வரட்சி வந்தால் அந்தச் சுவர்கள் இன்றும் தலைகாட்டும், கொழும்பிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு படமெடுக்க வருவார்கள். இந்த இரண்டு ஆறும் கீழே சேர்ந்துதான் களனி கங்கை. கொழும்பு விளக்குப் போடுவதும் தண்ணீர் குடிப்பதும் எங்கள் மலையின் புண்ணியத்தில். அந்த மின்கம்பிக்குக் கீழேயே கொழுந்து பறித்தவர்களின் லயங்களில் பல பத்தாண்டுகள் கழித்தும் குப்பி விளக்குத்தான் எரிந்தது.

காசல்ரீ வேலை முடியும் தறுவாயில், 1964 அக்டோபரில், சிறிமாவோவும் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 1948 முதல் நாடற்றவர்களாக்கப்பட்ட ஒன்பதே முக்கால் லட்சம் பேருக்குப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தண்ணீரைத் தேக்கி வைத்தார்கள், ஆட்களைத் திறந்துவிட்டார்கள்.

எங்கள் சனத்தை வரிசையில் நிற்கவைத்து, பேர் கூப்பிட்டு, பெட்டி படுக்கையை எண்ணி, இறங்கு இறங்கு என்று அரசாங்கமே உபசரித்த படகுத்துறை ஒன்றே ஒன்று, அது தலைமன்னார். அங்கே எந்தத் தடைப் பலகையும் இருக்கவில்லை. வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-இல் அதே பாக்கு நீரிணையை நீந்திப் போய் நீந்தியே திரும்பினார். நாடு கொண்டாடியது, கொண்டாட வேண்டிய சாதனைதான். எங்கள் ஆட்களும் அந்த நீரைப் போகவும் வரவும் கடந்தவர்கள்தாம். வந்தது ஒரு தலைமுறை, போனது இன்னொரு தலைமுறை என்பதால் சாதனைப் புத்தகத்தில் சேர்க்க மறந்துவிட்டார்கள்.

நுவரெலியா வாவியின் கதை இதைவிட ருசியானது. 1873-இல் அதை உண்டாக்கிய ஆளுநர் சேர் வில்லியம் கிரகரி. வாவிக்கு அவர் பெயர் இருப்பது எல்லோருக்கும் தெரியும். இன்னொன்றுக்கும் அவர் பெயர் இருக்கிறது, அதை டிக்கட் கவுண்டரில் சொல்ல மாட்டார்கள். 1847-இல் அயர்லாந்து உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தபோது, பாராளுமன்றத்தில் இருந்த இதே கனவான் ஒரு விதியைக் கொண்டுவந்தார். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருக்கும் குடும்பத் தலைவனுக்கு நிவாரணம் கிடையாது. கஞ்சி வேண்டுமா, காணியை விடு. ஆயிரமாயிரம் பேர் குடிசையை விட்டுத் தெருவுக்கு வந்தார்கள். அயர்லாந்து வரலாற்றில் அந்த விதி இன்றும் கிரகரி பெயரால்தான் வழங்குகிறது.

அந்த அனுபவசாலி இங்கே ஆளுநராக இருந்த காலத்திலேயே, 1876-இல், தமிழ்நாட்டில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. கூட்டம் கூட்டமாகக் கண்டிச் சீமைக்குக் கப்பலேறினார்கள் நம் பாட்டன் பாட்டிமார். அவர்களிடம் விடச் சொல்வதற்குக் கால் ஏக்கரும் இருக்கவில்லை. அந்த வகையில் ஐரிஷ்காரர்களைவிட வசதியான பிரஜைகள். கால் ஏக்கர் என்றால் 40 பேர்ச். இன்று எங்களுக்கு 7 பேர்ச்சில் வீடு என்று சொல்லி எத்தனை விழா, எத்தனை அடிக்கல்! சில இடங்களில் அடிக்கல்லும் அதில் பெயர் பொறித்த கனவான்களும் நிற்கவே 7 பேர்ச் போதாது. கிரகரி வாவியின் கரையில் நின்று இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கலாம், நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டு. ஏப்ரல் வசந்த காலத்தில் கொழும்பே அங்கே இறங்கியிருக்கும். மரக்கறித் தோட்டத்து மருந்தும் நகரத்துக் கழிவும் கலந்து வருகிற அந்த நீரில் அன்னங்கள் காலால் மிதிபட்டு நகரும். அந்த மரக்கறிக்கு மருந்தடித்தவனும், அந்த ஹோட்டலின் கக்கூஸ் கழுவியவளும், தங்கள் பிள்ளையை வேலிக்கு வெளியிலிருந்து தூக்கிக் காட்டுவார்கள்.

இனி நேரே விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் ஏன் போட் இறங்குகிற இடத்திலேயே போய்க் குளிக்கிறார்கள்? திமிரா? கொழுப்பா? அதிகாரிகள் அப்படித்தான் நினைக்கிறார்கள். நீர்த்தேக்கத்தின் கரையில் ஒருநாள் நடந்து பார்த்தவனுக்குக் காரணம் விளங்கும். குளத்துக்கு இருப்பதுபோல் சரிந்து இறங்கும் கரை தேக்கத்துக்குக் கிடையாது. நீருக்கடியில் இருப்பது பழைய தேயிலை மலை. கான் வெட்டி, கல் அடுக்கி, படிபடியாகச் செதுக்கிய மலை. முழங்கால் அளவு நீரில் பத்து எட்டு வைக்கலாம், பதினோராவது எட்டில் பழைய கல்லடுக்கு முடிந்துவிடும், கீழே தளம் இருக்காது. மின் நிலையம் ஓடினால் மட்டம் இறங்கும், மேலே மழை பெய்தால் ஏறும். போன வாரம் நின்று குளித்த கல் இந்த வாரம் ஓர் ஆள் ஆழத்தில் கிடக்கும். ஏறி இறங்கும் அந்தச் செம்மண் பட்டையில் கால் வைத்தால் முழங்கால்வரை புதையும், பிடித்துக்கொள்ள ஒரு செடி இராது. மூவாயிரம் அடிக்கு மேலுள்ள நீர் வேறு; வெயில் சுடும்போதும் உள்ளே இறங்கினால் மூச்சை இழுத்துப் பிடிக்கும் குளிர்.

இத்தனைக்கும் நடுவில், படகை ஏற்றி இறக்குவதற்காக நிலத்தை இறுக்கி, மெல்லச் சரித்து, நீருக்குள் கொண்டுபோன இடம் ஒன்று உண்டு. கால் வழுக்கினாலும் எழுந்து நிற்கலாம். பாதை உண்டு, ஆள் நடமாட்டம் உண்டு, கூப்பிட்டால் கேட்கும், கையெட்டும் தூரத்தில் ஒரு வள்ளமும் கயிறும் துடுப்பும் கிடக்கும். கடவுளே இறங்கி வந்து மலையகப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்க இடம் தேடினால் அதைத்தான் தெரிந்தெடுப்பார். அங்கேதான் பலகை நிற்கிறது.

பலகையைப் பார்த்துப் பயந்த பையன் வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பாடப் புத்தகத்தைத் திறப்பான் என்று நினைக்கிறவர்கள் பிள்ளை பெற்றவர்களாக இருக்க முடியாது. அவன் வளைவைத் தாண்டி, மானாப்புல்லுக்கு அந்தப் பக்கம், யாரும் பார்க்காத மூலைக்குப் போகிறான். அங்கே கல்லடுக்கு எங்கே முடிகிறது என்று எவருக்கும் தெரியாது. கூப்பிட்டாலும் கேட்காது. ஆபத்துக் குறைந்த இடத்திலிருந்து பிள்ளைகளை விரட்டி ஆபத்து மிகுந்த இடத்துக்கு அனுப்புகிற ஏற்பாட்டுக்கு இங்கே நீர்ப் பாதுகாப்பு என்று பெயர்.

விளையாட்டுக்கு மட்டும் அங்கே போவதும் இல்லை. மாசி மாதத்தில் பீலி வற்றும். இருபது காம்பராவுக்கு ஒரு பீலி, அதிலும் நூல் போலத் தண்ணீர், காலைப் பெரட்டுக்கு முன் குடத்தோடு வரிசை. குளியலறை என்ற ஒன்று கட்டப்படாத லயங்களில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் பெண்கள் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு டேமுக்குத்தான் இறங்குவார்கள், கூடவே பிள்ளைகளும் போகும். அவர்கள் அங்கே செய்வதைப் பொழுதுபோக்கு நீராடல் என்று பலகை வகைப்படுத்துகிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஏழு பேர் வாழ்வதையும் முகாம் வாழ்க்கைச் சுற்றுலா என்று யாராவது வகைப்படுத்தினாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

அதிகாரிகளின் நியாயங்களும் இருக்கின்றன. படகு வந்து மோதிவிடும் என்பார்கள். உண்மை, மோட்டார் படகின் காற்றாடி யார் எவர் என்று பார்க்காது. அதற்கு ஒரு கயிறு, அதில் கோத்த மிதவைகள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் படகு, இந்தப் பக்கம் பிள்ளை. உலகமெங்கும் செய்கிற காரியம். நீர் அழுக்காகிவிடும் என்பார்கள். எஞ்சின் எண்ணெயால் அழுக்காகாத நீர், விடுதிகளின் வடிகாலால் அழுக்காகாத நீர், ஊர்ச் சாக்கடை முழுக்கக் குடித்தும் அழுக்காகாத நீர், ஒரு கொழுந்துக்காரியின் மகன் இறங்கினால் அழுக்காகிவிடும். இந்த நியாயத்தை நாங்கள் வேறு குளக்கரைகளிலும் கிணற்றடிகளிலும் கேட்டிருக்கிறோம், சொன்னவர்கள் பூணூலோ பட்டமோ போட்டிருந்தார்கள், இவர்கள் டை கட்டியிருக்கிறார்கள். கடைசியாக ஒன்று சொல்வார்கள், அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: அவர்களுக்கு நீச்சல் தெரியாதே!

தெரியாதுதான். யார் பழக்கினார்கள்? நாலு பக்கமும் கடல் சூழ்ந்த தீவு இது. எங்கள் மாவட்டமோ அணையும் அருவியுமாக நிறைந்து கிடக்கிறது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சுகாதாரமும் உடற்கல்வியும் பாடமாக இருக்கிறது. மல்லாந்து மிதப்பது எப்படி என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினாலும் காட்டுவார்கள். ஈரமாகிற எதையும் செய்ய மாட்டார்கள்.

நம்மவர்களையும் விட்டுவைக்க முடியாது. ஒரு பிள்ளை செத்தால் தலைவர்மார் வருகிறார்கள். சங்கத்தின் பெயர் பொறித்த மலர்வளையம் வருகிறது, சவப்பெட்டிச் செலவு வருகிறது, பேஸ்புக்கில் அனுதாபம் வருகிறது. இரண்டு சங்கமாக இருந்தால் இரண்டு மலர்வளையம், எது பெரிதென்று எட்டாம் நாள்வரை பேச்சு. கட்சி நிறத்தில் மரக்கிளை மறைய மறையக் கொடி கட்டத் தெரிந்தவர்களுக்கு நீரில் நாலு மிதவை கட்டத் தெரியவில்லை. நாமும் சளைத்தவர்களல்ல. டேமு பலி கேக்குது, மூணு பேரைக் கொண்டு போகாம விடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள், கரையில் கன்னிமார் சாமிக்குத் தேங்காய் உடைப்பார்கள். இதைக் கேட்டு மின்சார சபை மிகவும் மகிழ்ந்திருக்கும். குற்றத்தைக் கன்னிமார் தலையில் போட்டபின் கோப்பில் எழுத என்ன இருக்கிறது?

மனு எழுதுவோம் என்றால் யாருக்கு எழுதுவது? நீர் மின்சார சபையுடையது. நீரில் உள்ள மீன் நீருயிர் வளர்ப்பு அதிகார சபையின் பொறுப்பு. கரைக்கு இறங்கும் பாதை தோட்டக் கம்பெனியுடையது. 1992 முதல் காணி அரசாங்கத்தினது, ஆட்சி கம்பெனியினது. தோட்டத்துக்குள் ஒரு படிக்கட்டுக் கட்டிக் கொடுங்கள் என்று பிரதேச சபையைக் கேட்டிருந்தால், 1987-இன் பிரதேச சபைச் சட்டம் குறுக்கே நின்றிருக்கும். சபை தன் பணத்தைத் தோட்டங்களில் செலவிடுவதற்கு அதன் 33-ஆம் பிரிவு முட்டுக்கட்டை போட்டது. வாக்குப் போடலாம், வரியிலும் விலையிலும் பங்கு கொடுக்கலாம், ஒரு படி கேட்கக் கூடாது. 2018-இல்தான் அதைத் திருத்தினார்கள். திருத்திய பிறகு எத்தனை கரையில் எத்தனை படி கட்டப்பட்டது என்று நோர்வூட்டிலும் மஸ்கெலியாவிலும் நடந்து பார்த்துக்கொள்ளலாம். எண்ணுவதற்கு விரல் மடக்கத் தேவையிராது. தண்ணீரின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். சடலத்துக்கு மட்டும் உரிமை கோரி எந்தத் திணைக்களமும் வருவதில்லை, அதை எங்களுக்கே தந்துவிடுகிறார்கள்.

பணக்கார நாட்டின் ஆடம்பரத்தைக் கேட்கிறோம் என்று யாராவது சொல்வார்கள். பங்களாதேஷ் எந்த ஊர்க் கணக்கில் பணக்கார நாடு? அங்கே கிராமத்துக் குளத்துக்குள் மூங்கிலால் ஒரு தளமும் சுற்றிலும் தடுப்பும் கட்டி, அதே ஊர் இளைஞர்களையும் பெண்களையும் பயிற்றி, லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வெட்டிய மூங்கில், தேங்காய்நார்க் கயிறு, பழகிய ஓர் ஆள். 2021 ஏப்ரலில் ஐக்கிய நாடுகள் சபையில் நீரில் மூழ்கும் மரணங்களைத் தடுப்பது பற்றிய தீர்மானத்தைக் கொண்டுவந்தது பங்களாதேஷும், வேடிக்கையைப் பாருங்கள், கிரகரி பிறந்த அயர்லாந்தும். ஜூலை 25 அதற்கான உலக நாள் ஆயிற்று. 2021-இல் மட்டும் உலகில் சுமார் மூன்று லட்சம் பேர் மூழ்கிச் செத்திருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நம்மைப் போன்ற நாட்டுக்காரர்கள். அதே நிறுவனம் சொல்லும் வைத்தியமும் எளியது: பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கு, கரையில் நிற்பவர்களுக்கு மீட்கப் பழக்கு, படகுக்கு விதி வை. ஜூலை 25 அன்று கொழும்பில் குளிரூட்டிய மண்டபத்தில் இதைப் பற்றிப் பேசுவார்கள். மேசைக்கு மேசை போத்தல் தண்ணீர் வைத்திருப்பார்கள், அவ்வளவு தண்ணீரோடு விஷயம் முடிந்துவிடும்.

ஆகவே, கனம் அதிகாரிகளே, கேட்பது இதுதான். காசல்ரீயிலும் மவுசாகலையிலும் படகு இறங்குகிற இடங்களைச் சனத்துக்குத் திறந்துவிடுங்கள், குளிக்கவும் நீந்தவும் துடுப்புப் போடவும். எல்லா இடத்தையும் கேட்கவில்லை. அணைக்கட்டுப் பக்கமும் வான்கதவுப் பக்கமும் வேண்டாம், அங்கே பலகை ஐயா தாராளமாக நிற்கட்டும், அவருக்குக் கையொடிந்த வேலைதான் பொருத்தம். நீருக்கடியில் எங்கே கல்லடுக்கு, எங்கே பள்ளம் என்று வரட்சியில் மட்டம் இறங்கும்போது நடந்தே அளந்துவிடலாம். அதைப் பார்த்துக் கயிறு கட்டுங்கள். காலையில் படகு, பின்னேரம் பிள்ளைகள் என்று நேரம் பிரியுங்கள். தோட்டத்துக்கு இரண்டு பேரைத் தெரிந்தெடுத்து உயிர்காப்பாளர் பயிற்சி கொடுத்துச் சம்பளமும் கொடுங்கள்; 2024-இல் நீங்களே வர்த்தமானியில் போட்ட நாட்சம்பளம் 1,350 ரூபாதானே, விடுதிக்காரர் ஒரு ராத்திரிக்கு வாங்குவதில் எத்தனை நாள் பேர் போடலாம் என்று கணக்குப்பிள்ளையைக் கேளுங்கள். அந்த விடுதிகளிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: எங்கள் பையன்களைத் தோணி தள்ளக் கூப்பிடுவதற்கு முன் அவர்களுக்கும் ஓர் அங்கி வாங்கட்டும்.

நீச்சல் பழக்க ஆள் எங்கே என்றால், ஆள் உங்களிடமே இருக்கிறார்கள். பிள்ளை மூழ்கி ஒரு நாள் ஆகியும் கிடைக்காவிட்டால் கடற்படைச் சுழியோடிகள் வருகிறார்கள். அவர்களை மலைக்கு ஏற்றிக்கொண்டு வர வாகனம் இருக்கிறது, டீசல் இருக்கிறது, அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட ஒரே இரவில் எல்லா அதிகாரியும் கிடைக்கிறார்கள். அதே சுழியோடிகளை, அதே வாகனத்தில், ஒரு சனிக்கிழமை காலையில் அனுப்புங்கள். தேடிக் களைக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் கரையிலேயே நிற்பார்கள், பெயர்ப் பட்டியல் தோட்டத்துப் பாடசாலை அதிபரிடம் இருக்கிறது.